காமோலியிலிருந்து போர்ட்டோஃபினோ வரை ஒரு நாள் மலைநடை: முழுமையான வழிகாட்டி

இத்தாலியின் லிகூரியா கடற்கரையில், ஜெனோவாவுக்குக் கிழக்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது போர்ட்டோஃபினோ மலை. உச்சி 610 மீட்டர்தான். அந்த எண்ணைப் பார்த்துத்தான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். 610 மீட்டர் என்றாலும் நடை தொடங்குவது கடல் மட்டத்தில். ஏறி, இறங்கி, சான் ஃப்ரூத்துவோசோ என்ற கடலோர மடாலயத்தில் மறுபடி கடலைத் தொட்டு, அங்கிருந்து இன்னொரு முறை ஏற வேண்டும். கடற்கரை உலா என்று நினைத்து வந்தவர்கள் பிற்பகலில் முட்டி நடுங்க உட்கார்ந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் சொல்லப்போகும் பாதை இது: காமோலி, சான் ரோக்கோ, சான் ஃப்ரூத்துவோசோ, போர்ட்டோஃபினோ. மேற்கிலிருந்து கிழக்கு. இந்தத் திசைக்குக் காரணம் உண்டு. கடினமான பகுதி காலையில், கால் புதிதாக இருக்கும்போதே முடிந்துவிடும். பாதி வழியில் படகுத்துறை வரும். முடிகிற இடத்தில் பேருந்து இருக்கிறது.

1. முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். இவைதான் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் மலையின் தெற்குச் சரிவு அடுப்புக்கல் மாதிரி காயும். அங்கே நிழல் விட்டுவிட்டுத்தான் வரும். குளிர்காலம் பலர் நினைப்பதுபோல் மோசமில்லை. வடக்கிலிருந்து ‘த்ரமொந்தானா’ காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். மேற்கே ஆல்ப்ஸின் பனி தெரியும். சில நாட்களில் தெற்கே கோர்சிகா தீவும் கோடாகத் தெரியும்.

ஆனால் குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவு. டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அந்த வாரம் திட்டமிடுகிறவர்கள் இதை மறந்து இருட்டில் மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்து மழை. இலையுதிர் காலத்தில் லிகூரியாவில் கொட்டும் மழை ஆபத்தானது. சரிவு செங்குத்து, ஓடைகள் குட்டை. தண்ணீர் சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். அதனால் மாநிலமே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வண்ணம் வைத்து எச்சரிக்கை வெளியிடுகிறது. ‘அலெர்த்தா லிகூரியா’ தளத்தில் முந்தின நாள் மாலையே பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு என்றால் பேச்சே இல்லை, வேறு நாள். மஞ்சள் என்றாலும் நான் போகமாட்டேன். மழை நின்ற மறுநாளும் கடலோரப் பாதை வேண்டாம். ஏன் என்பதை 7-அ பகுதியில் சொல்கிறேன்.

2. நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

இங்கே கிலோமீட்டர் கணக்கு உதவாது. இத்தாலிய மலைப் பலகைகளில் தூரத்தைவிட நேரத்தைத்தான் எழுதுவார்கள். காரணம், ஒரு கிலோமீட்டர் சமதளமும் ஒரு கிலோமீட்டர் படிக்கட்டும் ஒன்றில்லை. பலகை நேரம் பழகிய கால்களுக்கு உரியது. முதல் தடவை வருகிறவர் அதோடு கால் பங்கு சேர்த்துக்கொள்ளலாம்.

காமோலியிலிருந்து சான் ரோக்கோவுக்கு முக்கால் மணி நேரம். சான் ரோக்கோவிலிருந்து சான் ஃப்ரூத்துவோசோவுக்குக் கடலோரமாக 3 மணி நேரம், காட்டுக்குள்ளாக ஏறக்குறைய 2 மணி நேரம். அங்கிருந்து போர்ட்டோஃபினோவுக்கு ஒன்றரை முதல் 2 மணி நேரம். சாப்பாடு, படம் எடுப்பது, மூச்சு வாங்குவது எல்லாம் இதற்கு மேல்.

சரி, இப்போது பின்னாலிருந்து வாருங்கள். டிசம்பரில் 4 மணிக்குள் போர்ட்டோஃபினோவில் இருக்க வேண்டும் என்றால், சான் ஃப்ரூத்துவோசோவை 2 மணிக்கு முன்பே விட வேண்டும். அப்படியானால் காமோலியில் 8 மணிக்கே நடக்கத் தொடங்க வேண்டும். ‘பத்து மணி ரயிலில் போய்க்கலாம்’ என்பது கோடைக்குச் சரி, குளிர்காலத்துக்கு ஒத்துவராது.

படகை நம்பித் திட்டம் போடாதீர்கள்

இதற்கு எண் போடவில்லை, ஏனென்றால் எல்லாப் படிகளுக்கும் இது பொருந்தும். சான் ஃப்ரூத்துவோசோவுக்குச் சாலை கிடையாது. நடந்து போகலாம், படகில் போகலாம், அவ்வளவுதான். ‘நடந்து போய்ப் படகில் திரும்பலாம்’ என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நல்ல திட்டம்தான், கடல் ஒத்துழைத்தால்.

ஒருமுறை நண்பர் ஒருவரின் தம்பியோடு போனேன். காமோலியில் தண்ணீர் அசையவே இல்லை. “அண்ணே, கடல் தட்டு மாதிரி இருக்கே, சாயங்காலம் படகுல வந்துடலாம்” என்றான். நானும் சரியென்று தலையாட்டினேன். மதியம் சான் ஃப்ரூத்துவோசோவில் இறங்கினால், அலை துறைக்கல்லின் மேல் ஏறி வழிந்துகொண்டிருந்தது. படகு நிறுத்தம் என்று பலகை வைத்திருந்தார்கள். காரணம் எளிது. தென்கிழக்கிலிருந்து ‘ஷிரோக்கோ’ காற்று வீசும்போது மலையே காமோலியை மறைத்துக் காக்கிறது. சான் ஃப்ரூத்துவோசோவின் சிறு வளைகுடாவோ தெற்கே திறந்து கிடக்கிறது, அலை நேராக உள்ளே வரும். காமோலியின் கடலைப் பார்த்து அந்தப் பக்கத்துக் கடலை முடிவுசெய்ய முடியாது.

அன்று அவன் எழுந்து மறுபடி ஏறினான். தண்ணீர் பாதிப் பாட்டில்தான் மிச்சம். அதற்குப் பிறகு நான் யாரைக் கூட்டிப்போனாலும் ஒரே விதி: படகே இல்லை என்று வைத்துக்கொண்டு தண்ணீர், சாப்பாடு, வெளிச்சம் மூன்றையும் கணக்கிட வேண்டும். படகு வந்தால் அது போனஸ்.

3. காலணி, தண்ணீர், பை

காலணியில் மட்டும் சமரசம் வேண்டாம். அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் உள்ள மலைக் காலணி தேவை. இந்த மலையின் தெற்குப் பாதி, சிமெண்டில் கூழாங்கல் பதித்ததுபோன்ற பாறை. கூழாங்கற்கள் காலடி பட்டுப் பட்டு மழமழவென்று ஆகிவிட்டன. தட்டையான அடிப்பாகம் உள்ள கேன்வாஸ் ஷூ அதில் வழுக்கும். பக்கத்திலுள்ள சின்க்வே தெர்ரேயில் செருப்போடு மலைப்பாதையில் வருகிறவர்களுக்கு அபராதம் என்று 2019-இல் அறிவித்தார்கள். அந்த அளவுக்குக் கால் பிசகிய ஆட்களைத் தூக்கி அலுத்துப்போயிருந்தார்கள்.

தண்ணீர் கோடையில் ஆளுக்கு 2 லிட்டர், குளிர்காலத்தில் 1 லிட்டர். காமோலியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ‘நோன் பொத்தாபிலே’ என்று எழுதிய குழாயில் குடிக்கக் கூடாது.

சாப்பாட்டுக்குக் காமோலி பேக்கரியில் ஃபொக்காச்சா ரொட்டி வாங்குங்கள். ஆலிவ் எண்ணெயும் உப்பும் போட்டது, சைவம், பையில் நசுங்கினாலும் ருசி கெடாது. கிடைத்தால் ஃபரினாத்தாவும் வாங்கலாம். கொண்டைக்கடலை மாவை எண்ணெயில் சுட்ட அடை. சூடாகத் தின்றால்தான் நன்றாக இருக்கும், ஆகவே அதை வாங்கிய இடத்திலேயே முடித்துவிடுங்கள்.

பையில் இன்னும் மூன்று: நெற்றி விளக்கு, காற்றைத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை, இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கிவைத்த வரைபடம். பள்ளங்களில் சிக்னல் போய்விடும். நடைக்கோல் வைத்திருப்பவர்கள் மடக்கிப் பையில் கட்டக்கூடியதாகக் கொண்டுவாருங்கள். கடலோரப் பாதையில் பாறையில் அடித்த சங்கிலியைப் பிடித்துப் போகும் இடத்தில் இரண்டு கையும் வேண்டும்.

4. ரயிலில் செய்யும் தவறுகள்

ஜெனோவாவிலிருந்து காமோலிக்கு வட்டார ரயில் போதும், ஏறக்குறைய முக்கால் மணி நேரம். நிலையத்தின் பெயர்ப் பலகையில் ‘காமோலி’யின் நடுவே ஜி எழுத்து இருக்கும், உச்சரிப்பில் வராது. அந்தப் பெயரோடு ‘சான் ஃப்ரூத்துவோசோ’ என்பதையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துச் சான் ஃப்ரூத்துவோசோவுக்கே ரயிலில் வந்துவிட்டதாக நினைக்கிறவர்கள் உண்டு. அதேபோல் அடுத்து வரும் சாந்தா மார்கெரீத்தா நிலையத்தின் பெயரில் ‘போர்ட்டோஃபினோ’ ஒட்டிக்கொண்டிருக்கும். போர்ட்டோஃபினோவில் ரயிலே கிடையாது, சாந்தா மார்கெரீத்தாவிலிருந்து 5 கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டும்.

காகிதச் சீட்டு என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். கைபேசிச் சீட்டு என்றால் செக்-இன் பொத்தானை அழுத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் சீட்டு வாங்கியும் அபராதம் கட்ட நேரும்.

5. சான் ரோக்கோ வரை: படிகளில் வேகம் வேண்டாம்

ஊரைத் தாண்டியதும் வீடுகளுக்கும் ஆலிவ் தோட்டங்களுக்கும் நடுவே படிகள் ஏறத் தொடங்கும். 220 மீட்டர் உயரத்தில் சான் ரோக்கோ தேவாலயம். இந்த முக்கால் மணி நேரத்தில்தான் பலர் நாள் முழுவதற்கும் உள்ள பலத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். ரயிலிலிருந்து இறங்கிய உற்சாகம், கூட்டத்தோடு போட்டி. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் ஏறுங்கள். பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று பொருள்.

எதிரே வருகிறவர்களுக்கு ‘சால்வே’ அல்லது ‘புவோன்ஜோர்னோ’ சொல்வது இங்கே வழக்கம். மரியாதைக்காக மட்டும் இல்லை. யாராவது காணாமல் போனால், வணக்கம் சொன்னவர் முகம் நினைவிருக்கும்.

6. சான் ரோக்கோவில் முடிவெடுங்கள்: கடலோரமா, காடா?

முழு நடையிலும் முக்கியமான படி இதுதான். தேவாலயத்தின் முன் முற்றத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். மேற்கே ஜெனோவா வரை வளைகுடா முழுவதும் தெரியும். பார்த்துக்கொண்டே இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று மழை பெய்ததா? குழுவில் யாருக்காவது உயரத்தைக் கண்டால் தலைசுற்றுமா? குழந்தைகள், நாய் கூட வருகிறதா? காலணி சரியில்லாதவர் இருக்கிறாரா? ஒன்றுக்கு ‘ஆம்’ வந்தாலும் காட்டுப் பாதைதான். குழுவில் நடுக்கம் உள்ள ஒருவரை வற்புறுத்திச் சங்கிலிப் பகுதிக்குக் கூட்டிப்போகாதீர்கள். நடுவில் அவர் உறைந்து நின்றால் பின்னால் வருகிறவர்களும் சேர்ந்து நிற்க வேண்டும்.

இத்தாலியில் பாதைகளுக்கு எழுத்தால் தரம் குறிப்பார்கள். ஒற்றை ‘இ’ (E) என்றால் சாதாரண மலைநடை. ‘இஇ’ என்றால் அனுபவசாலிகளுக்கு. கடலோரப் பாதையின் பிற்பகுதி ‘இஇ’. வழிக்குறிகள் சிவப்பு வண்ணத்தில் வட்டம், முக்கோணம், சதுரம், சிலுவை என்று மரத்திலும் கல்லிலும் தீட்டியிருக்கும். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வடிவம். புதியவர்கள் சிவப்பைப் பார்த்ததும் போய்விடுகிறார்கள். வடிவத்தைப் பாருங்கள். கடலோரப் பாதைக்கு இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

7-அ. கடலோரப் பாதை

முதல் ஒரு மணி நேரம் இதமான நடை. மோர்த்தோலாவின் வீடுகளைக் கடந்து, பசுமை மாறாத ஓக் மரங்களுக்கு அடியில் போய், பத்தெரீயே என்ற இடத்தை அடைவீர்கள். இரண்டாம் உலகப்போரில் பீரங்கி வைக்கக் கட்டிய கான்கிரீட் அறைகள் இன்னும் இருக்கின்றன. கீழே கியாப்பா முனை கடலுக்குள் விரல்போல் நீட்டியிருக்கும்.

இதுவரை வந்து வியர்த்து, கால் வலிக்கிறது என்றால் இங்கேயே திரும்பிவிடலாம். இதற்குமேல்தான் பாதை மாறுகிறது, திரும்புவதும் கடினமாகும்.

பத்தெரீயேவுக்குப் பிறகு பாறைச் சரிவில் பாதை ஒடுங்கும். செங்குத்தான இடங்களில் பாறையில் இரும்புச் சங்கிலி அடித்திருப்பார்கள். சங்கிலியைப் பிடிக்கும் முறை இது. முகம் பாறையைப் பார்க்க வேண்டும். சங்கிலியில் தொங்காதீர்கள். எடை முழுவதும் காலில் இருக்கட்டும், கை சமநிலைக்கு மட்டும். தொங்கினால் உடம்பு பாறையை விட்டு வெளியே சாயும், காலின் பிடி போய்விடும். இரண்டு ஆணிகளுக்கு நடுவிலுள்ள ஒரு துண்டுச் சங்கிலியில் ஒரே நேரத்தில் ஒருவர்தான். முன்னால் போகிறவர் இழுத்தால் பின்னால் இருப்பவரின் கையிலுள்ள சங்கிலி வெடுக்கென்று ஆடும்.

ஈரமானால் இந்த இடம் வேறு இடமாகிவிடும். காய்ந்த கூழாங்கல் பாறையைக் கால் கவ்வும். ஈரத்தில், பாசியும் உதிர்ந்த ஓக் இலையும் சேர்ந்தால், சோப்பு. நண்பர் ஒருவர் மழைக்கு மறுநாள் இங்கே சறுக்கினார். இடது கை சங்கிலியில் இருந்ததால் முழங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று. அந்தக் கூழாங்கல்லில் அவருடைய ஷூ இழுத்த கறுப்புக் கோடு ஒரு சாண் நீளத்துக்கு அப்படியே பதிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ‘மழைக்கு மறுநாளும் வேண்டாம்’ என்பதை விதியாக வைத்தேன்.

வழியில் இடுப்பளவு நீளப் புல் கொத்துக்கொத்தாக வளர்ந்திருக்கும். இங்கே ‘லிஸ்கா’ என்பார்கள், முன்பு கயிறு திரித்த புல். தடுமாறும்போது கை அதைத்தான் தேடும். விளிம்பு அறுக்கும், பிடிக்காதீர்கள். கீழே காலா தெல்லோரோ என்ற நீலக் குடா தெரியும். கடல் காப்பகத்தின் முழுத் தடைப் பகுதி அது. இறங்கிக் குளிக்க வழி தேட வேண்டாம். குடாவைச் சுற்றி வந்ததும் ஒரு ஏற்றம், அதன் பிறகு இறக்கமாகச் சான் ஃப்ரூத்துவோசோ.

7-ஆ. காட்டுப் பாதை

இதை ‘இரண்டாந்தரம்’ என்று நினைத்து வருகிறவர்கள் மகிழ்ச்சியோடு திரும்புவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பலகைகளில் ‘பியெத்ரே ஸ்த்ரெத்தே’ என்ற பெயரைத் தொடருங்கள். 450 மீட்டர் உயரத்தில் பெரிய கூழாங்கல் பாறைகள் நெருங்கி நிற்கும் சந்திப்பு அது. பெயரின் பொருளே ‘நெருங்கிய கற்கள்’.

வடக்குச் சரிவில் செஸ்ட்நட் மரங்கள், ஈரம், குளிர்ச்சி. முகட்டைத் தாண்டித் தெற்கே திரும்பியதும் பைன், ஓக், கடல்வாசம், வெக்கை. பத்தே நிமிடத்தில் காடு மாறுவதைத் தோலிலேயே உணரலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது சந்திப்பு. பல பாதைகள் ஒன்றுகூடுவதால் அவசரமாகத் தவறான இறக்கத்தில் இறங்கிவிடுவார்கள். பலகையை முழுதாகப் படித்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, அப்புறம் நடங்கள். நேரம் இருந்தால் ‘செமாஃபோரோ நுவோவோ’ காட்சிமுனைக்குப் போய் வரலாம். செமாஃபோரோ என்றால் இன்றைய இத்தாலியில் சாலை சிக்னல். இங்கே அது கப்பல்களுக்குச் சைகை காட்டிய பழைய நிலையம். முகட்டிலிருந்து செங்குத்தாகக் கடல் தெரியும். விளிம்புக்குப் போய்ப் படம் எடுக்காதீர்கள், ஓரத்து மண் உதிரும்.

பியெத்ரே ஸ்த்ரெத்தேவிலிருந்து இறக்கம் 450 மீட்டர், ஒரே மூச்சில். முட்டிக்கு இதுதான் சோதனை. அடியைச் சின்னதாக வையுங்கள், முட்டியை லேசாக மடக்கியே வைத்திருங்கள். இலையுதிர் காலத்தில் செஸ்ட்நட்டின் முள்தோல் உருண்டைகள் காலடியில் உருளும்.

குளிர்காலக் கடைசியிலும் வசந்தத் தொடக்கத்திலும் பைன் மரங்களில் வெள்ளைப் பஞ்சுக் கூடுகள் தெரிந்தால் தரையைப் பார்த்து நடங்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பளிப்பூச்சிகள் ஊர்வலம் போகும். தொடக் கூடாது, குச்சியால் கிளறவும் கூடாது. அவற்றின் மயிர் காற்றில் பறந்து கண்ணில் பட்டாலும் எரியும். நாய்க்கு இன்னும் ஆபத்து.

8. சான் ஃப்ரூத்துவோசோவில் கடிகாரத்தைப் பாருங்கள்

மடாலயத்தின் வளைவுகளுக்கு முன்னால் குட்டிக் கல்கடற்கரை. உட்கார்ந்தால் எழ மனம் வராது. அதனால் உட்காருவதற்கு முன்பே படகுத்துறைக்குப் போய்க் கடைசிப் படகின் நேரத்தைப் பாருங்கள். காமோலிப் பக்கத்துக்கும் போர்ட்டோஃபினோப் பக்கத்துக்கும் வேறு வேறு நிறுவனங்களின் படகுகள், சீட்டும் வேறு. காலையிலேயே காமோலிக்குப் போக-வரச் சீட்டு வாங்கிவிட்டு, பிறகு போர்ட்டோஃபினோ போக ஆசைப்பட்டுப் பணத்தை இழப்பவர்கள் உண்டு.

தொடர்ந்து நடப்பதா என்பதை இங்கே எடைபோடுங்கள். இருட்ட 3 மணி நேரமாவது இருக்கிறதா? தண்ணீர் அரை லிட்டருக்கு மேல் இருக்கிறதா? இறங்கும்போது யாருக்காவது முட்டி வலித்ததா? பதில் சரியில்லை, படகும் ஓடுகிறது என்றால் படகில் ஏறிவிடுங்கள். அப்படி ஏறினால் நாள் குறைந்துபோகாது, கடலிலிருந்து மலையைப் பார்ப்பது தனி அழகு.

9. போர்ட்டோஃபினோ வரை

முதல் அரை மணி நேரம் மறுபடி ஏற்றம், பாசே ஸேரோ என்ற இடம் வரை. சாப்பிட்டு முடித்த உடனே ஏறினால் வயிறு புரளும், இருபது நிமிடம் விட்டு எழுங்கள். அதன் பிறகு சரிவைச் சுற்றி ஏறி இறங்கும் பாதை, ப்ராத்தோவின் தோட்டங்கள், கடைசியில் கல்படிகள். பாதை எளிது என்பதால் கவனம் சிதறும். கடைசிப் படிகளில் கணுக்கால் பிசகியவர்களை நான் சங்கிலிப் பகுதியைவிட அதிகம் பார்த்திருக்கிறேன்.

சாந்தா மார்கெரீத்தாவுக்குப் போகும் பேருந்தின் சீட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். கோடை மாலையில் வரிசை நீளமாக இருந்தால், பராஜ்ஜி வரை சாலைக்கு மேலே மரநிழலில் ஒரு நடைபாதை இருக்கிறது. அரை மணி நேரம். அங்கிருந்து சாந்தா மார்கெரீத்தாவுக்குக் கடலோரமாகவே நடந்துவிடலாம்.

10. வழி தவறினால், அடிபட்டால்

பத்து நிமிடமாக வழிக்குறி கண்ணில் படவில்லை என்றால் நில்லுங்கள். கடைசியாகக் குறியைப் பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள். ‘கீழே கடல்தானே, இறங்கிவிட்டால் ஊர் வரும்’ என்று நினைக்காதீர்கள். இந்த மலையின் தெற்குப் பக்கத்தில் சரிவு பல இடங்களில் பாறைச்சுவராகக் கடலில் முடிகிறது. அங்கிருந்து ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது.

அவசர எண் 112. மலை மீட்புக் குழுவையும் அதன் வழியாகவே அழைப்பார்கள். ‘வேர் ஆர் யு’ என்ற 112 செயலி உங்கள் இருப்பிடத்தைத் தானே அனுப்பும். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே பதிந்து, உங்கள் எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் வராவிட்டால் தேட வேண்டும் என்பதையும் ஊரில் இருக்கும் ஒருவருக்கு எழுதி அனுப்புங்கள்.

11. வீட்டுக்கு வந்ததும்

காட்டுப்பன்றி நடமாடும் புல்வெளிகளில் உண்ணி இருக்கும், வசந்தத்தில் அதிகம். குளிக்கும்போது முட்டிக்குப் பின்னால், அக்குள், இடுப்புப்பட்டி இறுகிய இடம், காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவாதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, நேராக மெதுவாக இழுங்கள். தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் விரிந்தால், அந்தத் தேதியோடு மருத்துவரிடம் போங்கள்.